உயிரோடு இருப்பவருக்கு அடித்த மணி

ஹார்லன் டெக்கருக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் நடந்தபோது, அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருத்தர்கூட ஒரு பூங்கொத்து அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் அது குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும். அந்த மனிதருக்குப் பூ வாசனை ஆகாது. சிரித்த முகமும் ஆகாது. வீட்டு வாசலில் ஒரு செடி கிடையாது.

மிச்சிகனில் கால்டர் கல்லூரியில் காரிலான் என்னும் மணிக்கோபுர வாத்தியத்துக்குப் பேராசிரியர் அவர். வேறு எந்த வாத்தியத்தில் தப்பு செய்தாலும் அந்த அறையோடு போயிற்று. காரிலானில் தப்பு செய்தால் ஊர் மொத்தமும் கேட்கும். கோபுர உச்சியில் தம்ளர் அளவில் தொடங்கி ஒரு கார் அளவு வரைக்கும் மணிகள் தொங்கும். கீழே சின்ன மர அறையில் உட்கார்ந்து, வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளைக் கை முஷ்டியால் குத்த வேண்டும், பெரிய மணிகளுக்குக் காலால் மிதிக்க வேண்டும். அடித்த மணியை நிறுத்த முடியாது. அதுவாக ஓய்ந்தால்தான் உண்டு.

அந்தக் கார் அளவு மணிக்கு ஆம்ப்ரோஸ் என்று பெயர். முதல் வகுப்பிலேயே டெக்கர் சொல்லிவிடுவார்: மற்ற மணிகளோடு சேர்த்து ஆம்ப்ரோஸை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் தனியாக, மெதுவாக, ஒவ்வொரு அடியும் ஓய்ந்தபிறகு அடுத்த அடி என்று மட்டும் அடிக்கக் கூடாது. அது சாவு மணி. கல்லூரியைச் சேர்ந்தவர் யாராவது இறந்தால்தான் அப்படி ஒலிக்கும். அதைக் கேட்டால் கால்டரில் கார் ஓட்டுகிறவன்கூட ஓரமாக நிறுத்தித் தொப்பியைக் கழற்றுவான். யார் போனது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. யார் படுக்கையில் கிடக்கிறார் என்பதுதான் ஊருக்கே தெரியுமே.

கோரா ஷ்ராம் அவரிடம் இசையமைப்புப் படித்த பெண். நெப்ராஸ்காவில் டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரரின் மகள். வருடா வருடம் மே மாதத்தில் மாணவர்கள் காரிலானுக்கென்று புதிதாக எழுதியதைத் தாங்களே கோபுரத்தில் ஏறி வாசிப்பார்கள். அதில் டெக்கர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். தேறியவர் பெல்ஜியத்து மணிப் பள்ளிக்கு ஒரு வருடம் போகலாம். தேறாதவர் ஊருக்குப் போகலாம். கோராவுக்கு ஊர் என்றால் அப்பாவின் கடைக் கவுண்டர். பெல்ட் வேணுமா, ஃபில்ட்டர் வேணுமா என்று ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

மார்ச் மாதம் அவள் எழுதியதை அடித்தள அறையில் இருந்த பயிற்சிக் கட்டைகளில் டெக்கரே வாசித்துப் பார்த்தார். முழு வகுப்பும் சுற்றி நின்றது. முடித்துவிட்டுத் தலைப்பைப் படித்தார்.

"டேலுக்காக. யாரு டேல்? பாய்ஃப்ரெண்டா?"

"தம்பி சார். முந்தின வருஷம் பனியில லாரி கவுந்து..."

"ஓ, செத்துட்டானா? அந்த சின்ன மணியில மேல ஏறி எறங்குதே, அது என்ன?"

"அவன் விசில் சார். களஞ்சியத்துல இருந்து நாயைக் கூப்பிடறப்ப அப்படித்தான் அடிப்பான்."

டெக்கர் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். "இதைக் கேட்டு அழுதவங்க கையைத் தூக்குங்க."

யார் தூக்குவார்கள்? ஒருத்தரும் தூக்கவில்லை.

"பாத்தியா? உன் தம்பி வீணா செத்துட்டான்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பொணத்தைத் தூக்கிட்டு வந்து மார்க் கேக்கறே. இது சாவு இல்லம்மா, தும்மல். சாவுன்னா என்னன்னு ஆம்ப்ரோஸைக் கேளு, ஒரு அடியில சொல்லும். நீ கிலுகிலுப்பை ஆட்டிக்கிட்டு இருக்கே. மே மாசம் நீயும் வாசி, தடுக்க மாட்டேன். ஆனா பெல்ஜியத்துக்கு வென்டெல்தான் போவான். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மூக்கைச் சிந்தாதே."

வென்டெல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல பையன்தான். ஆனால் பெல்ஜியம் கிடைக்கும் என்று கேட்டதில் அவன் காது சிவந்துபோனது கோராவுக்குத் தெரிந்தது.

வெளியே வந்தவளை டெக்கரின் மனைவி யூனிஸ் காரில் இருந்தபடியே கூப்பிட்டார். கணவரை வீட்டுக்கு அழைத்துப்போக தினமும் அங்கே வந்து காத்திருப்பார். கோராவின் அழுத முகத்தைப் பார்த்ததும் பக்கத்து இருக்கையில் காகிதத் துண்டில் சுற்றி வைத்திருந்த ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பத்தை எடுத்து நீட்டினார்.

"சாப்பிடு கண்ணு. அவர் சொன்னதையெல்லாம் காதுல வாங்காதே."

"நீங்க எப்படி மிஸஸ் டெக்கர்..."

"நாப்பது வருஷம் ஆச்சே. பழகிடும்," என்று சொல்லிக்கொண்டே யூனிஸ் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். "சீக்கிரம் முழுங்கு, அவர் வந்துட்டார்."

கோரா முழுங்கினாள். இனிப்பும் புளிப்புமாக இருந்தது.

ஏப்ரலில் டெக்கரின் நெஞ்சு அவரைக் கைவிட்டது. பிழைத்து வந்தார். மாடி ஜன்னல் ஓரம் கட்டிலைப் போட்டுப் படுத்தார். அங்கிருந்து கோபுரம் இரண்டு தெரு தள்ளித் தெரியும். மே மாதத்து வாசிப்பைத் தள்ளிப்போடலாமா என்று கல்லூரியில் கேட்டதற்கு, "ஏன், எனக்குக் காதுலயா ஆபரேஷன் பண்ணாங்க?" என்றாராம். யார் எழுதியது என்ற பெயரும் வேண்டாம், தாளும் வேண்டாம், படுத்தபடியே கேட்டுத் தீர்ப்பு சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அந்தச் செய்தி வந்த அன்று கோரா பழைய தாளைக் கிழித்துப் போட்டாள். டேலின் விசிலை மட்டும் வைத்துக்கொண்டாள். அதற்குக் கீழே ஆம்ப்ரோஸை எழுதினாள், தனியாக, மெதுவாக, ஒவ்வொரு அடியும் ஓய்ந்தபிறகு அடுத்த அடியாக. ஜெயிக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை, அதுதான் ஏற்கெனவே வென்டெலுக்குப் போய்விட்டதே. தைத்த நெஞ்சோடு படுத்துக் கிடக்கிற அந்த ஆள் தன்னுடைய சாவு மணியைத் தானே ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சொல்லப்போனால், தம்பி போன பிறகு அவள் அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை.

சனிக்கிழமை. வென்டெல் முதலில் வாசித்தான். அழகாக, சுத்தமாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் வாசித்தான். கோரா கடைசி. அவளுக்குத் தாள் திருப்ப அவனே உட்கார்ந்தான்.

அவள் ஆம்ப்ரோஸின் கட்டையை மிதித்தாள். கோபுரமே அதிர்ந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முழுதாக ஓய்ந்ததும் மறுபடி மிதித்தாள்.

வென்டெல் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ஏய், கூட வேற ஒண்ணும் இல்லையா? தனியாவா அடிக்கறே?"

மூன்றாவது அடி விழுந்தது.

"கோரா! நிறுத்து! ஊரு என்ன நெனைக்கும்?"

"அடிச்ச மணிய நிறுத்த முடியாது வென்டெல். முதல் வகுப்புல சொன்னாரே, தூங்கிட்டியா?"

அவன் ஜன்னல் பலகையைத் தள்ளிக் கீழே பார்த்தான். "தொப்பியக் கழட்டறாங்க. சந்தை அப்படியே நிக்குது." பாதி பயமும் பாதிச் சிரிப்புமாக அவன் குரல் கீச்சிட்டது. "அடிப்பாவி, உயிரோட இருக்கற மனுஷனுக்குச் சங்கு ஊதிட்டியே!"

அப்போதுதான் மேலே தம்ளர் மணிகளில் டேலின் விசில் வந்தது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. கீழே அந்தப் பெரிய அதிர்வு அதைத் தாங்கிப் பிடித்தது. ஒரு நிமிடம் கோராவுக்குத் தம்பி களஞ்சியக் கதவில் சாய்ந்து நிற்பது கண்ணில் தெரிந்தது.

கோபுரத்துக்கு எதிரே நீதிமன்றத் திடலில்தான் சனிக்கிழமைச் சந்தை. கோரா படியிறங்கி வந்து அதற்குள் நுழைந்தபோது ஜனங்கள் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பூ விற்கும் லெஸ்டரின் கடை முன்னால் சின்னக் கூட்டம். நடுவில், கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டியில் யூனிஸ் உட்கார்ந்திருந்தார்.

யூனிஸ் அங்கே இருப்பார் என்று கோரா நினைத்துப் பார்க்கவே இல்லை. நோயாளிப் புருஷனின் தலைமாட்டில் இருப்பார் என்று நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. யூனிஸ் என்று ஒருத்தர் இருப்பதே அவள் கணக்கில் வரவில்லை. சனிக்கிழமைகளில் நர்ஸ் வருவதால்தான் அந்த அம்மாளால் சந்தைக்கு வர முடிந்தது.

அழுதுகொண்டிருப்பார் என்று பயந்துகொண்டே கோரா கிட்டே போனாள். யூனிஸ் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கை நிறையப் பியோனிப் பூக்கள், வெள்ளையும் சிவப்புமாக. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு டுலூத்தில் இருக்கும் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மேவிஸ், நாந்தான். மணி அடிச்சிடுச்சு. ஆமா, இப்பத்தான்... அழல, சிரிக்கறேன்டி. ஐயோ, பாவம்னு சொல்லாதே, எனக்கு இன்னும் சிரிப்பு வருது. ஏரி தெரியுமே உன் மாடி ரூம், காலியாத்தான இருக்கு? வந்துடறேன். நாப்பது வருஷமா நான் ஒரு பூ வாங்கினதில்ல மேவிஸ். இப்ப கை நிறைய வெச்சிருக்கேன், நீ பாக்கணுமே!"

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யூனிஸுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. போனை வைத்துவிட்டுக் கோராவைப் பார்த்தார்.

"நீயா கண்ணு அடிச்ச?"

கோரா தலையாட்டினாள்.

"நல்லா அடிச்ச. மேல ஏதோ சின்னதா பாடிச்சே, அது அவருக்குப் புடிச்சிருக்காது. எனக்குப் புடிச்சுது. நல்லா இருப்ப, போ."

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். அவர் சாகவில்லை என்ற ஒரே ஒரு வாக்கியம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. அதற்குள் போன் திரும்ப அடித்தது. யூனிஸ் சிரிப்பு மாறாமலே எடுத்தார்.

"யூனிஸ்! எங்க தொலைஞ்ச? இந்த நர்ஸுக்கு சூப் சூடு பண்ணக்கூடத் தெரியல. கொதிக்கக் கொதிக்கக் கொடுத்து நாக்கப் பொசுக்கிட்டா." டெக்கரின் குரல் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

யூனிஸின் முகத்தில் ஒன்றும் உடனே மாறவில்லை. சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, போக இடம் தெரியாமல். "இதோ வர்றேன் ஹார்லன்," என்றார். பெட்டியில் இருந்து எழுந்தார். பூக்களை ஒவ்வொரு கொத்தாகப் பலகைமேல் திரும்ப அடுக்கினார்.

"லெஸ்டர், இதைத் திரும்ப எடுத்துக்குவியா? இதழ்கூட உதிரல பாரு."

"காசு வேணாம்மா. வெச்சுக்குங்க," என்றான் லெஸ்டர்.

"வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியாதுப்பா."

அவர் நடந்து போனபோது பாலாடைக்கட்டிக் கடைப் பக்கம் யாரோ மூக்கால் சிரித்தார்கள். கால்டர் மாதிரி ஊருக்கு அது போதும். மதியத்துக்குள் சர்ச் சமையலறை வரைக்கும் கதை போய்விட்டது.

திங்கட்கிழமை டெக்கர் கோராவை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். படிப்பிலிருந்து துரத்தப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். ஜன்னல் ஓரம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் மனிதர். முகம் தெளிவாக இருந்தது.

"உக்காரு. செத்தா எப்படி இருக்கும்னு என்னை யாருமே கேக்கல. நீயாவது கேளேன்."

கோரா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"முதல் அடியில யாருக்கோன்னு நெனைச்சேன். மூணாவதுல எனக்குத்தான்னு புரிஞ்சுது. தையல் விண்ணுனு இழுத்துச்சு. மூணு வருஷத்துல முதல் தடவையா நீ மணிக்கு எழுதியிருக்கே. முன்ன எழுதினதெல்லாம் பியானோவுக்கு." அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அனுதாபம் சொல்லப் போன் பண்ணாங்க. நானே எடுத்தேன். ஒருத்தி வீல்னு கத்திட்டா. அப்புறம் ஒருத்தன் கூப்பிட்டு, சந்தையில என் பொண்டாட்டி எப்படி துக்கம் கொண்டாடினான்னு வெவரமா சொன்னான். எந்தப் பூ, எந்தக் கலர்னு முதற்கொண்டு."

கதவருகே யூனிஸ் காபித் தட்டோடு வந்து நின்றார். எப்போது வந்தார் என்று கோராவுக்குத் தெரியவில்லை. டெக்கருக்குத் தெரிந்திருந்தது.

"பெல்ஜியம் உனக்குத்தான்," என்றார் டெக்கர்.

கோரா நிமிர்ந்து பார்த்தாள். "வென்டெல்..."

"வென்டெல் லிஃப்டுக்கு மியூசிக் போடலாம். ஆனா ரெண்டு விஷயம். மேல ஒரு குருவி கீச் கீச்னு கத்துதே, அதை எடுத்துடு."

"அது டேல் சார். என் தம்பி."

"தெரியும். அதனாலதான் எடுக்கச் சொல்றேன். ஆம்ப்ரோஸுக்குக் கூட்டாளி வேண்டாம்." அவர் இப்போது மனைவியைப் பார்த்தார். "ரெண்டாவது, நீ கெளம்பற வரைக்கும் வாரா வாரம் சனிக்கிழமை, சந்தை நேரத்துல நீ இதை வாசிக்கணும். யூனிஸ் தவறாம சந்தைக்குப் போவா. இல்லையா யூனிஸ்?"

"போவேன் ஹார்லன்."

"பூக்கடைகிட்ட நின்னு கேளு. நல்லா கேக்கும்."

மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோராவின் வாய்வரைக்கும் வந்தது அது. கூடவே அப்பாவின் கடை வந்தது, எண்ணெய்க் கறை பிடித்த கவுண்டர் வந்தது, ஜூன் மாதம் வந்தது. அவள் யூனிஸைப் பார்த்தாள். வேண்டாம் என்று அந்த அம்மாள் ஒரு ஜாடை காட்டினால் போதும், மறுத்துவிடலாம் என்று நினைத்தாள். வெட்கக்கேடு, அதைக்கூட யூனிஸே செய்ய வேண்டியிருந்தது. யூனிஸ் காபியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சார்," என்றாள் கோரா.

"அவ காபியில சர்க்கரை போடு யூனிஸ். பொண்ணு வெளுத்துப்போயிட்டா."

கல்லூரியில் சிலர் முணுமுணுத்தார்கள். கோபுரத்தில் எது ஒலிப்பது என்பது டெக்கரின் வார்த்தை, மாற்ற ஆளில்லை. இது புதிய இசை, யாரும் இறக்கவில்லை என்று சந்தைக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

கோரா பாட்டிலிருந்து விசிலை நீக்கினாள். முதல் சனிக்கிழமை பழக்கதோஷத்தில் தொப்பிகள் கழன்றன. பிறகு எல்லாத் தலையும் பூக்கடைப் பக்கம் திரும்பியது. வென்டெல் வந்து சொன்னான்: யூனிஸ் அசையாமல் நின்றாராம், கடைசி அடி ஓயும்வரை. அடுத்தடுத்த வாரங்களில் சிரித்தார்கள். ஜூலையில் சிரிப்பதும் அலுத்துப்போனது. ஆம்ப்ரோஸ் பாட்டுக்கு ஆம்ப்ரோஸ், பேரம் பாட்டுக்குப் பேரம் என்று ஆகிவிட்டது. ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை கல்லூரியின் பழைய நூலகர் உண்மையாகவே இறந்தார். கோராதான் அவருக்கும் மணி அடித்தாள். சந்தையில் ஒரு தொப்பிகூட அசையவில்லை. "அட, அந்த டெக்கர் வகுப்புப் பொண்ணோட பாட்டுதான்," என்று பாலாடைக்கட்டிக்காரன் நூலகரின் மகளிடமே சொன்னானாம். டெக்கர் தேறி எழுந்து, தடியில்லாமல் நடக்க ஆரம்பித்திருந்தார்.

அந்தக் கோடை முழுக்கக் கோரா கோபுரத்தின் பின்கதவு வழியாகத்தான் வெளியேறினாள். பெல்ஜியத்துக்குக் கிளம்பும் முன்பான கடைசிச் சனிக்கிழமை மட்டும் முன்கதவு வழியாக வந்தாள். மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்திருந்தாள். யூனிஸ் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றாக மண்ணைத் தட்டி.

"மிஸஸ் டெக்கர், நாளைக்குக் கெளம்பறேன். நான்..."

"தெரியும் கண்ணு. அங்க குளிருமாம், நல்ல கோட்டா எடுத்துக்கோ."

"நான் பண்ணது தப்பு. அவரைத்தான் நெனைச்சு எழுதினேன். உங்களை நெனைக்கவே இல்ல."

"என்னை யாரு நெனைக்கறா?" யூனிஸ் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கிழங்கில் பச்சை ஓடியிருப்பதைப் பார்த்துத் தள்ளி வைத்தார். "அன்னைக்கு உன் மணி கேட்டப்ப கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. அது பொய்யா இருந்துட்டுப் போகட்டும், பரவாயில்ல. என்னைக்காவது ஒரு நாள் நெஜமாவே வரும்னு இருந்திருப்பேன். இப்ப அதுவும் போச்சு."

"ஏன்?"

யூனிஸ் பையின் வாயை முடிந்து கையில் மாட்டிக்கொண்டார்.

"இத்தனை வாரம் கேட்டாச்சே கண்ணு. நெஜமா அடிக்கற அன்னைக்கும் உன் பாட்டுன்னுதான் நெனைப்பேன். எழுந்து, அவருக்கு சூப் சூடு பண்ணப் போயிடுவேன்."